உலகெங்கும் வளர்கிறது, ஊரில் அழிகிறது: அக்சலோட்டல் என்னும் நீர்வாழ் விலங்கின் கதை

அருகிவரும் உயிரினம் என்றவுடன், எங்கு தேடினும் காணக் கிடைக்காத ஒன்றையே நாம் எண்ணிக்கொள்கிறோம். அக்சலோட்டல் என்னும் சிறு விலங்கின் நிலையோ இதற்கு நேர்மாறானது. ஐரோப்பிய நகரங்களின் செல்லப்பிராணிக் கடைகளில் அது விலைக்குக் கிடைக்கிறது. பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்படுகிறது. 2021 ஆம் ஆண்டில் 'மைன்கிராஃப்ட்' என்னும் கணினி விளையாட்டினுள் அது சேர்க்கப்பட்ட பின்னர், எமது வீட்டுப் பிள்ளைகள் பலர் அதன் பெயரையும் முகத்தையும் பெற்றோரைவிட நன்கறிவர். அப்படியிருந்தும், இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2006 ஆம் ஆண்டு முதல் அதனை அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் வரிசையில் வைத்திருக்கிறது. இயற்கையில் எஞ்சியுள்ள முதிர்ந்த விலங்குகள் ஐம்பதுக்கும் ஆயிரத்துக்கும் இடைப்பட்டவையே என்பது அவ்வொன்றியத்தின் கணிப்பு.

பிற நாடுகளில் இவ்வளவு பெருகியிருக்கும் ஓர் உயிர், தன் சொந்த நீரில் மட்டும் அழிவது எவ்வாறு? வெளியே பெருகியிருப்பதனால் அது காப்பாற்றப்பட்டுவிட்டது என்று கொள்ளலாமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வளர்ந்தும் இளமை நீங்காத உடல்

அக்சலோட்டலை 'மெக்சிக்கோவின் நடக்கும் மீன்' என்று சிலர் அழைப்பதுண்டு. ஆயினும் அது மீன் அன்று. தவளை, தேரை ஆகியவற்றைப் போல ஈரூடகவாழி வகுப்பைச் சேர்ந்தது. அவ்வகுப்பினுள் வாலுடைய சலமந்தர்களின் வரிசையில் அடங்குவது. அம்பிஸ்டோமா மெக்சிக்கானம் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். இலங்கையிலும் தமிழகத்திலும் சலமந்தர்கள் இயற்கையில் வாழ்வதில்லை. ஆதலால் எமது மொழியில் அவற்றுக்கு வழக்கிலுள்ள பெயரும் இல்லை. நீரில் வாழும் பெரியதொரு பல்லியைப் போன்ற தோற்றமுடையது என்று சொல்லலாம். ஆனால் பல்லிக்குச் செதிலுண்டு. இதற்கோ வழுவழுப்பான ஈரத்தோல்.

முதிர்ந்த விலங்கு ஏறத்தாழ 23 சென்ரிமீற்றர் நீளமுடையது. 30 சென்ரிமீற்றரைத் தாண்டுவனவும் உண்டு. தலை அகன்றது. கண்களுக்கு இமையில்லை. கழுத்தின் இருபுறமும் மும்மூன்றாக, இறகுகளைப் போலச் செவுள்கள் வெளியே நீண்டு நிற்கின்றன. இச்செவுள்களாலும் தோலாலும் அது நீரிலுள்ள ஒட்சிசனை உள்ளெடுக்கிறது. நுரையீரலும் இருப்பதனால் இடையிடையே நீர்மட்டத்துக்கு வந்து காற்றையும் விழுங்கிச் செல்கிறது. புழு, பூச்சி, சிறு மீன் முதலியவை அதன் உணவு. இரை அருகில் வந்ததும் வாயைத் திடீரெனத் திறக்கிறது. உள்ளே பாயும் நீரோடு இரையும் அகப்பட்டுக்கொள்கிறது. கடைகளில் நாம் காணும் வெளிர் இளஞ்சிவப்பு நிறம் மனிதர் தெரிந்தெடுத்துப் பெருக்கிய நிறமாகும். இயற்கையில் அது சேற்றோடு சேறாகத் தோன்றும் கரும்பழுப்பு நிறத்தது.

இவ்விலங்கை விஞ்ஞானிகள் வியந்து நோக்குவதற்கு முதற்காரணம் அதன் வளர்ச்சி முறையாகும். மழைநீர்க் குட்டையில் வாற்பேத்தை தவளையாவதை நாம் சிறுவயதில் பார்த்திருக்கிறோம். செவுள் மறைகிறது, கால் முளைக்கிறது, வால் சுருங்குகிறது. நீரில் பிறந்தது நிலத்தில் ஏறுகிறது. சலமந்தர்கள் பலவற்றிலும் இத்தகைய உருமாற்றம் நிகழ்கிறது. அக்சலோட்டலோ உருமாறுவதில்லை. ஒரு வயதளவில் இனப்பெருக்க முதிர்ச்சி பெற்று, நூற்றுக்கணக்கில் முட்டையிடும் நிலையை அடைந்த பின்னரும், குடம்பிப் பருவத்துச் செவுளும் வாற்செட்டையும் நீங்காமல், பத்துப் பதினைந்து ஆண்டுகள் நீரிலேயே வாழ்ந்து முடிகிறது.

உருமாற்றத்தைத் தூண்டுவது தைரொயிட்டுச் சுரப்பியின் ஓமோன். அக்சலோட்டலின் கபச்சுரப்பி அச்சுரப்பியைப் போதிய அளவு தூண்டுவதில்லை. 1913 ஆம் ஆண்டில் செக் நாட்டவரான வில்லெம் லவ்பர்கர், தைரொயிட்டுச் சுரப்பியை உணவாகக் கொடுத்து அக்சலோட்டலை உருமாறச் செய்தார். செவுள் மறைந்து, நிலத்தில் நடக்கும் சலமந்தர் ஒன்று வெளிவந்தது. மாறுவதற்கான ஆற்றலை அதன் உடல் இழந்துவிடவில்லை என்பதும், மாறுவதற்கான கட்டளையே கிடைப்பதில்லை என்பதும் இதனால் தெளிவாயின. வற்றாத ஏரியில் வாழும் விலங்குக்கு நிலத்தில் ஏறுவதால் ஆதாயம் இல்லாமையே இந்நிலை நிலைபெற்றதற்குக் காரணம் என விலங்கியலாளர் பலர் விளக்குவர். ஏரி வற்றாது என்பதிலேயே அதன் வாழ்வு முழுவதும் தங்கியிருந்தது. அந்த ஏரிக்கு நேர்ந்ததை இனிப் பார்ப்போம்.

ஏரிகளின் நடுவே ஒரு நகரம்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீற்றர் உயரத்தில், எரிமலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கொன்றில் மெக்சிக்கோ நகரம் அமைந்திருக்கிறது. முன்னாளில் அப்பள்ளத்தாக்கில் ஐந்து ஏரிகள் இருந்தன. தெற்கே இருந்த சோச்சிமில்கோ, சால்கோ ஆகிய இரண்டும் ஊற்றுக்களால் நிறைந்த நன்னீர் ஏரிகள். இவ்விரண்டு ஏரிகளையும் அவற்றைச் சார்ந்த நீர்நிலைகளையும் தவிர, உலகில் வேறெங்கும் அக்சலோட்டல் இயற்கையாக வாழ்ந்ததில்லை. மெக்சிக்கோவில் பதினைந்துக்கும் மேற்பட்ட அம்பிஸ்டோமா இனங்கள் உள்ளன. அவற்றுட் பலவும் இவ்வாறே சிற்சில ஏரிகளுடனும் ஓடைகளுடனும் கட்டுண்டவை.

அப்பள்ளத்தாக்கின் மக்கள் பேசிய நஹுவாத்தில் மொழியிலிருந்தே விலங்கின் பெயரும் வந்தது. 'ஆத்தில்' என்றால் நீர். 'ஷோலோத்தில்' என்பது அவர்தம் தெய்வங்களுள் ஒன்றின் பெயர். சூரியனை இயங்கச் செய்வதற்காகத் தெய்வங்கள் யாவும் தம்மைப் பலியிட்டுக்கொள்ள வேண்டியிருந்தபோது, ஷோலோத்தில் மட்டும் சாவுக்கு அஞ்சித் தப்பியோடினான் என்கிறது அவர்களது புராணம். முதலில் சோளப்பயிராகவும், பின்னர் கற்றாழையாகவும், ஈற்றில் நீரினுள் அக்சலோட்டலாகவும் உருமாறி ஒளிந்தான். அங்கே பிடிபட்டு மாண்டான். உருமாறிக்கொண்டே இருந்த தெய்வத்தின் பெயர், உருமாறாத விலங்குக்கு வாய்த்திருக்கிறது. தெய்வத்தின் பெயரைத் தாங்கியிருந்தபோதிலும் அம்மக்கள் அதனைப் பிடித்து உண்டனர், மருந்தாகவும் கொண்டனர். அதனால் அது அழியவில்லை.

சோச்சிமில்கோ என்பதற்கு மலர் வயல் என்பது பொருள். அங்குள்ள மக்கள், ஏரியின் ஆழங்குறைந்த பகுதிகளில் கோரையையும் நீர்த்தாவரங்களையும் ஏரிச்சேற்றையும் அடுக்கடுக்காக இட்டு, நீள்சதுரமான மேட்டுத் தோட்டங்களை உருவாக்கினர். ஓரங்களில் நீர்நொச்சியைப் போன்று நீரோரத்தில் வளரும் அஹுவேஹோத்தே என்னும் வில்லோ மரங்களை நட்டனர். அவற்றின் வேர்கள் மண்ணை இறுகப் பற்றிக்கொண்டன. 'சினாம்பா' எனப்படும் இத்தோட்டங்களை மிதக்கும் தோட்டங்கள் என்று பிறர் வருணிப்பதுண்டெனினும் அவை மிதப்பனவல்ல. ஏரியின் அடியிலிருந்தே எழுந்தவை. ஆண்டில் பல போகம் விளைவித்த இத்தோட்டங்கள், தெனோச்தித்லான் என்னும் அஸ்தெக் தலைநகருக்கு உணவூட்டின. தோட்டங்களுக்கிடையே ஓடிய குறுகிய வாய்க்கால்களில் தெளிந்த நீரும் பாசியும் ஒதுக்கிடமும் இருந்தமையால் அக்சலோட்டல் அங்கே செழித்தது. கமக்காரர் ஏரியை வெட்டித் திருத்தினர். விலங்கோ அதனால் குறையாமல் பெருகியது. மனிதர் கைபடாத இடமே இயற்கையின் புகலிடம் என்று எண்ணுவோர் இதனைக் கருத்தில் கொள்ளுதல் நன்று.

நீர் கெட்ட வரலாறு

1521 ஆம் ஆண்டில் தெனோச்தித்லான் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. நீரோடு வாழும் கலையை அறியாத புதிய ஆட்சியாளர், அடிக்கடி நேர்ந்த வெள்ளத்துக்கு அஞ்சி, ஏரிகளை வடித்து வெளியேற்ற முனைந்தனர். 1607 ஆம் ஆண்டில் தொடங்கிய வடிகால் பணி நூற்றாண்டுகளாகத் தொடர்ந்தது. 1900 ஆம் ஆண்டில் ஜனாதிபதி போர்பிரியோ டியாஸ் பெருங்கால்வாயைத் திறந்துவைத்தார். சால்கோ ஏரி பண்ணை நிலத்துக்காக வடிக்கப்பட்டது. அக்சலோட்டலின் இரு ஏரிகளுள் ஒன்று இவ்வாறு மறைந்தது.

மற்றையதன் அழிவு வேறு வகையானது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோச்சிமில்கோவின் ஊற்றுநீர் குழாய் வழியாக மெக்சிக்கோ நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஊற்றுக்கள் தளர்ந்து வாய்க்கால்கள் வற்றத் தொடங்கியபோது, நகரின் கழிவுநீரைச் சுத்திகரித்து அவற்றில் விட்டனர். சுத்திகரிக்கப்படாத கழிவும் அதனுடன் கலந்தது. தோட்டங்களைக் கைவிட்டு நகர வேலைக்குச் சென்றோர் பெருகினர். கைவிடப்பட்ட சினாம்பாக்கள் சில வீட்டு மனைகளாயின. சில உதைபந்தாட்டத் திடல்களாயின. தொடர்ந்து பயிரிட்டோரிற் சிலர் இரசாயன உரத்தையும் பூச்சிநாசினியையும் நாடினர்; அவையும் நீரில் இறங்கின. 1987 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ சோச்சிமில்கோவை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 2004 ஆம் ஆண்டில் அது ராம்சார் ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. பட்டியல்களில் இடம்பெற்றதனால் மட்டும் நீர் தெளிந்துவிடவில்லை.

இவற்றின் மேல் இன்னொன்றும் வந்து சேர்ந்தது. ஏழைகளுக்கு மலிவான புரதம் கிடைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்துடன், 1970 களிலும் 1980 களிலும் கெண்டையினத்து மீன்களும் திலாப்பியாவும் சோச்சிமில்கோவில் விடப்பட்டன. திலாப்பியாவை எம்மவர் நன்கறிவர். 1952 ஆம் ஆண்டில் ஆபிரிக்காவைச் சேர்ந்த ஒரு திலாப்பியா இனம் இலங்கைக் குளங்களில் விடப்பட்டது. இன்றளவும் உள்நாட்டு மீன்பிடியில் அதற்குப் பெரும் பங்குண்டு. ஓரிடத்தில் உணவாக அமைந்தது மற்றோரிடத்தில் நாசமாயிற்று. பெண் அக்சலோட்டல் தன் முட்டைகளை நீர்த்தாவரங்களில் ஒவ்வொன்றாக ஒட்டி வைத்துவிட்டுச் செல்கிறது, காவல் இருப்பதில்லை. வந்தேறிய மீன்கள் முட்டையையும் குஞ்சையும் உண்டன, இரைக்கும் போட்டியிட்டன. கெண்டைகள் அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்கின. ஒதுக்கிடமான பாசியும் அருகியது. நாரை கொக்கு முதலிய நீர்ப்பறவைகளைத் தவிர வேறு பகையறியாது, தன் நீரில் தானே தலையாய வேட்டை விலங்காக இருந்த அக்சலோட்டல், இவ்வாறு இரையாக மாறியது.

மெக்சிக்கோ தேசிய சுயாட்சிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உயிரியலாளர் லூயிஸ் சம்பிரானோவும் அவருடைய குழுவினரும் எடுத்த கணக்குகள் இவ்வீழ்ச்சியை எண்களில் காட்டுகின்றன. 1998 ஆம் ஆண்டில் சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 6,000 அக்சலோட்டல்கள் இருந்தன. 2008 ஆம் ஆண்டில் அது 100 ஆயிற்று. 2014 ஆம் ஆண்டில் 36. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிலைத்த ஓர் இனம் ஒரு பிள்ளை பிறந்து பள்ளிப்படிப்பை முடிக்கும் காலத்துக்குள் இந்நிலைக்கு வந்தது.

பாரிசுக்கு வந்த முப்பத்துநான்கு

இனி, வெளிநாட்டில் பெருகிய கிளையின் வரலாற்றை நோக்குவோம். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாந்தர் ஃபொன் ஹும்போல்ட் கொணர்ந்த பதனிட்ட உடல்களை ஆராய்ந்த பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே, இது இன்னும் கண்டறியப்படாத ஏதோ ஒரு சலமந்தரின் குடம்பியாகவே இருத்தல் வேண்டும் என்று கருதினார். உயிருள்ள விலங்குகள் வந்து சேர்வதற்கு ஒரு படையெடுப்பு வேண்டியிருந்தது. மூன்றாம் நெப்போலியனின் படைகள் மெக்சிக்கோவில் நின்ற காலத்தில், 34 அக்சலோட்டல்கள் கப்பலேற்றப்பட்டு 1864 ஆம் ஆண்டில் பாரிசை அடைந்தன. அவற்றுள் ஆறு, ஐந்து ஆணும் ஒரு பெண்ணும், தாவரப் பூங்காவில் ஊர்வனவற்றுக்குப் பொறுப்பாயிருந்த ஒகுஸ்த் துமேரில் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டன.

மறு ஆண்டில் அவை முட்டையிட்டன. குஞ்சுகளும் பெற்றோரைப் போலவே செவுளுடன் வளர்ந்தன. ஆனால் அவற்றுட் சில, எவரும் எதிர்பாராத வகையில் செவுளை இழந்து நிலவாழ் சலமந்தர்களாயின. குவியேயின் ஊகம் பாதி சரி என்பது புலப்பட்டது. துமேரில் தம்மிடம் பெருகியவற்றை ஐரோப்பாவின் ஆய்வாளர் பலருக்கும் அனுப்பினார். ஜேர்மனியின் பிரைபேர்க் நகரில் மரீ ஃபொன் ஷோவன் என்னும் பெண் ஆய்வாளர், 1870 களில் அவற்றைப் படிப்படியாக நிலத்துக்குப் பழக்கி உருமாறச் செய்து காட்டினார். இன்று உலகின் ஆய்வுகூடங்களிலும் வீட்டுத் தொட்டிகளிலும் உள்ள அக்சலோட்டல்களுட் பெரும்பாலானவை பாரிசுக்கு வந்த அச்சிறு கூட்டத்தின் வழித்தோன்றல்களே. வெள்ளை நிறத்தவையும் அவற்றுள் இருந்த ஒரேயொரு வெள்ளை ஆணின் வழிவந்தவை.

ஆய்வுகூடங்கள் அதனை விடாமல் வளர்ப்பதற்குத் தக்க காரணம் உண்டு. அக்சலோட்டலின் கால் துண்டிக்கப்பட்டால், சில வாரங்களில் எலும்பு, தசை, நரம்பு, விரல் யாவும் முறையாக அமைந்த புதிய காலொன்று முளைக்கிறது. வெட்டுவாயில் தோல் விரைந்து மூடிக்கொள்கிறது. அதன் கீழுள்ள கலங்கள் தம் தனித்தன்மையை ஓரளவு தளர்த்தி ஒரு மொட்டாகத் திரள்கின்றன. அம்மொட்டிலிருந்தே கால் உருவாகிறது. வால், தாடை, முண்ணாண், இதயத்தினதும் மூளையினதும் பகுதிகள் ஆகியனவும் தழும்பின்றி மீள்கின்றன. மனித உடலோ இத்தகைய காயங்களைத் தழும்பினால் மூடிவிடுகிறது. இவ்வேறுபாட்டின் காரணத்தைக் கண்டறிவது காயமுற்றோர்க்கு ஒருநாள் உதவலாம் என்ற எதிர்பார்ப்பே இவ்வாராய்ச்சிகளை நடத்திச் செல்கிறது. 2018 ஆம் ஆண்டில் வியன்னாவிலும் ஜேர்மனியிலும் பணிபுரியும் ஆய்வாளர் அதன் மரபுத்தொகுதியை முழுமையாக வாசித்து வெளியிட்டனர். அதில் 3,200 கோடி இணை எழுத்துக்கள் உள்ளன. மனிதருக்குரியதைப் போலப் பத்து மடங்கு.

தொட்டியில் வளர்வது ஈடாகுமா?

அவ்வாறாயின், தொட்டிகளில் உள்ளவற்றை எடுத்துச் சென்று சோச்சிமில்கோவில் விட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, சிறிய கூட்டமொன்றிலிருந்து பெருகியவற்றுள் இரத்த உறவு நெருங்கியிருக்கிறது. மரபு வேறுபாடு குறைந்த கூட்டத்தை ஒரே நோய் அழித்துவிடக்கூடும். இரண்டாவது, அவை இப்பொழுது தூய இனமாகவும் இல்லை. வெளிறிய நிறத்துக்குரிய பரம்பரையலகைப் பெறுவதற்காக, 1962 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் ஒருவர் புலிச் சலமந்தர் என்னும் வேறோர் இனத்துடன் கலப்பை ஏற்படுத்தினார். ஆய்வுகூட அக்சலோட்டலின் மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 6 விழுக்காடு அவ்வினத்துக்குரியது என 2017 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கண்டது. மூன்றாவதே முதன்மையானது. எந்த நீர் அதனை அழித்ததோ அந்த நீர் திருந்தாதவரை, எத்தனை விலங்குகளை விட்டாலும் அவை மீன்களுக்கு இரையாகும். பிற நாட்டில் ஓர் இனம் பெருகுவது அதன் ஊர் மீண்டதற்குச் சான்றாகாது.

கமக்காரரும் விஞ்ஞானிகளும்

இதனை உணர்ந்தே சம்பிரானோவின் குழுவினர் சினாம்பாக் கமக்காரருடன் கைகோத்தனர். விலங்கை மட்டும் காப்பதற்கு மாறாக, அதன் வாய்க்காலைக் காப்பது என்பது அவர்களது வழி. தோட்டங்களுக்கிடையேயுள்ள குறுகிய வாய்க்கால்களின் இரு முனைகளிலும் தடுப்பு வைக்கப்படுகிறது. அத்தடுப்பிலுள்ள எரிமலைக் கல்லும் நீர்த்தாவரங்களும் நீரை வடிகட்டுகின்றன. திலாப்பியாவும் கெண்டையும் உள்நுழையாதபடி தடுக்கின்றன. உள்ளே நீர் தெளிகிறது. பூச்சிகளும் சிறு நீருயிர்களும் திரும்புகின்றன. பதிலுக்குக் கமக்காரர் இரசாயனங்களைக் கைவிட்டுப் பழைய முறையிற் பயிரிடுகின்றனர். அவ்விளைபொருளுக்குச் சிறந்த சந்தையைத் தேடித் தருவதும் திட்டத்தின் பகுதி. கமக்காரருக்கு வருவாய் இல்லையேல் சினாம்பா இல்லை. சினாம்பா இல்லையேல் வாய்க்கால் இல்லை.

2025 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று நம்பிக்கை தருகிறது. மெக்சிக்கோவிலேயே பேணி வளர்க்கப்பட்ட 18 அக்சலோட்டல்கள், வானொலிக் கருவி பொருத்தப்பட்டு, சீர்செய்யப்பட்ட சினாம்பா வாய்க்காலொன்றிலும், மெக்சிக்கோ நகரிலுள்ள பழைய கற்குழி நீர்நிலையொன்றிலும் விடப்பட்டன. அவை உயிர்தரித்தன; தாமே இரை தேடின; மீளப் பிடிக்கப்பட்டவை எடை கூடியிருந்தன. பதினெட்டு என்பது சிறு எண்ணிக்கையே. எனினும், தொட்டியிற் பிறந்தது நீருக்குப் பயன்படாது என்ற ஐயம் இதனால் தளர்ந்தது. நீர் ஆயத்தமாயிருந்தால் விலங்கும் வாழும்.

அதன் உறவினமொன்றைப் பற்றியும் ஒரு சொல். மிச்சோவாக்கான் மாநிலத்தின் பாத்ஸ்குவாரோ ஏரியில் மட்டும் வாழ்வது 'அச்சோக்கே' என்னும் இனம். அதன் விஞ்ஞானப் பெயர் துமேரிலின் நினைவாக இடப்பட்டது. அதிலிருந்து இருமல் மருந்து தயாரித்துவந்த டொமினிக்கன் சபைக் கன்னியர், ஏரியில் விலங்கு அருகியதைக் கண்டு, தம் மடத்திலேயே தொட்டிகளில் வளர்க்கலாயினர். இன்று அம்மடம் அவ்வினத்தின் முக்கியமான காப்பகங்களுள் ஒன்றாகிப் பன்னாட்டு ஆய்வாளருடன் இணைந்து செயற்படுகிறது.

மெக்சிக்கோவின் மத்திய வங்கி 2021 ஆம் ஆண்டில் வெளியிட்ட 50 பெசோ நாணயத்தாளில் அக்சலோட்டலின் உருவத்தைப் பொறித்தது. 2022 ஆம் ஆண்டில், வாய்க்கால்களைச் சீர்செய்யும் பணிக்கு நிதி திரட்டுவதற்காக, அக்சலோட்டல் ஒன்றைப் பெயரளவில் தத்தெடுக்கும் திட்டத்தைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. பிள்ளைகள் இவ்விலங்கின்மேல் கொண்ட ஆசையைப் பயனுள்ள வழியில் திருப்ப விரும்பும் பெற்றோர் இதனை அறிந்திருத்தல் நன்று. வீட்டில் வளர்க்கத்தான் வேண்டும் என்போர், அது 20 பாகை செல்சியசுக்கு உட்பட்ட குளிர்ந்த நீரை வேண்டுவது என்பதையும், பதினைந்து ஆண்டுகள்வரை வாழக்கூடியது என்பதையும் முதலில் எண்ணிப்பார்க்க வேண்டும். சலித்துப்போன விலங்கை அயலிலுள்ள ஆற்றிலோ குளத்திலோ விடுவது பெருந்தவறு. அந்நீருக்கு நோயைக் கொண்டுசெல்வதாகவும், திலாப்பியா செய்ததை நாமே செய்வதாகவும் அது முடியலாம்.

வெட்டுண்ட காலை மீள முளைக்கச் செய்யும் இவ்விலங்கினால், வடிக்கப்பட்ட ஏரியை மீட்க முடியாது. அது மனிதர் கெடுத்தது. மனிதரே திருத்த வேண்டியது. எங்கோ ஓர் ஆய்வுகூடத்தில் எத்தனை ஆயிரம் பிறந்தன என்பதைக் கொண்டு இவ்வினத்தின் எதிர்காலத்தை அளக்க இயலாது. சோச்சிமில்கோவில் இன்னும் எத்தனை வாய்க்கால்கள் தெளிந்தன, எத்தனை கமக்காரர் தம் தோட்டத்துக்குத் திரும்பினர் என்ற கணக்கே அதற்குரிய அளவுகோலாகும்.